மூன்று மில்லிமீட்டர்

ஆகஸ்டில் குதைபியா தெருவுக்கு வந்தால்
முதலில் வியர்ப்பது மூக்குக்கண்ணாடி.
அதைத் துடைத்த பிறகுதான் மனிதர்கள் தெரிவார்கள்.

ஜுஃபைரில் திறக்கப்போகும் ஹோட்டலுக்கு
ஒன்பது படங்கள் வந்திருந்தன சட்டம் போட.
ஜப்பான்காரர்கள் மரப்பலகையில் செதுக்கி
மை தடவி, காகிதம் வைத்துத் தேய்த்தெடுத்த
கோடைச் சாயங்காலங்கள்.
அசல் இல்லையாம், அச்சுக்கு அச்சாம்,
ஆனாலும் கைரேகை படக்கூடாதாம்.
லிஃப்ட்டுக்கு எதிரே மாட்டுவார்களாம்.

ஒருத்தி கொசுவலைக்குள் பாதி, வெளியே பாதியாக நின்று
விளக்கை ஊதுகிறாள்.
இரண்டு பேர் மின்மினியை நோக்கி விசிறி வீசுகிறார்கள்,
அடிக்கிறார்களா அழைக்கிறார்களா
கடைசிவரை புரியவில்லை.
ஆற்றுக்குள்ளேயே பரண் கட்டி
கால் நனைய உட்கார்ந்து
தர்ப்பூசணி தின்கிறது ஒரு குடும்பம்.
மேலே கெட்டியாகத் தொடங்கும் நீலம்
இறங்க இறங்க
ஈரத்துணியால் துடைத்ததுபோல் கரைந்துபோகிறது.

காற்று வாங்கப் போவது என்போமே, அதேதான்.
அங்கே காற்று என்ன விலைக்குப் போனதோ.
எங்கள் அறையில் ஆறு பேர் பங்கு போட்டு
மாதம் நான்கு தினார் தலைக்கு.

ஏழாவது படம் வாணவேடிக்கை.
கூரைப்படகில் பதினொரு பேர்,
முகமெல்லாம் வானத்தில்.
இடது ஓரத்தில் ஒருவன் மட்டும் குனிந்திருந்தான்.
படகோட்டி என்றுதான் நினைத்தேன்.
லென்ஸை வைத்தால் கையில் விசிறி,
முன்னால் கரியடுப்பு, கம்பியில் மீன்.
ஒன்பது படத்திலும் எண்ணிப் பார்த்தேன்,
முப்பத்தாறு விசிறிகள்.
சூட்டைக் கூட்டுவதற்கு வீசியது
அவன் ஒருவன்தான்.

சீட்டில் எழுதியிருந்தது:
உள்ளட்டை நான்கு பக்கமும்
ஐந்து மில்லிமீட்டர் மூட வேண்டும்.
மூடினால் அவனுக்கு முழங்கை போகும்,
விசிறி போகும், முகத்தில் பாதி போகும்.
மீன் மட்டும் தானாகச் சுட்டுக்கொள்ளும்.

இடது பக்கம் இரண்டு வைத்து வெட்டினேன்.

குருவிளா சேட்டன் ஸ்கேல் வைத்துப் பார்த்தார்.
"இடது தப்பு."
"ஆமாம்."
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
கொஞ்ச நேரம் படத்தின் மேல் குனிந்திருந்தார்.
"லிஃப்ட்டுக்கு எதிர்தானே,
எவன் நின்று பார்க்கப்போகிறான்" என்று
பின்பக்கம் டேப்பை ஒட்டச் சொன்னார்.

கடை மூடும்போது ஒன்பதரை.
வெந்நீராகக் கிடந்தது கடல்.
கற்கள் மேல் எகிப்துக்காரர் பாய் விரித்திருந்தார்,
பிள்ளைகள் தர்ப்பூசணி விதையை
யார் தூரமாகத் துப்புவது என்று போட்டி.
நூருல் தலையில் டார்ச் கட்டி
தூண்டிலை எறிந்து எறிந்து இழுத்தான்,
இதுவரை அகப்பட்டது ஒரு செருப்பு.
எங்கள் கேரம் போர்டில் ஈரம் இறங்கி
பவுடர் கூழாகிவிட்டது.
சிகப்பை அடித்தால் அங்கேயே நின்று யோசிக்கிறது.
சிலுவைதாசன் போனைத் தூக்கிப் பிடித்து
மகளுக்குக் கடலைக் காட்டினான்.
"கறுப்பாத்தான் இருக்கு" என்றது போன்.
"அதுதான்டி கடல்" என்றான்.

டிக்கா கடையில் அல்தாஃப் பாய்
அட்டை ஒன்றால் கரியை விசிறிக்கொண்டிருந்தார்.
நல்ல தடித்த வெள்ளை அட்டை.
சட்டத்துக்கு நடுவில் வெட்டி எறிவது,
சாயங்காலம் யாரோ பொறுக்கி வந்திருக்க வேண்டும்.
மூலையில் பென்சிலில் என் கையெழுத்து,
ஏழு என்று, பக்கத்தில் ஏதோ கழித்தல்.

நான்கு கம்பி சொன்னேன்.
எலுமிச்சை கூட ஒன்று கேட்டேன்.
நிமிராமலே எடுத்துத் தந்தார்.